வகுப்பறையில் பிள்ளைகளை ஆங்கிலம் பேச வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் எடுக்கிற ஆசிரியர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்களும் ஊர்ப்பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டு தாராளமாகப் பயன்படுத்தலாம். நம் பிள்ளைகள் பரீட்சையில் எழுதிவிடுகிறார்கள், ஒரு பத்தியை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கவும் செய்கிறார்கள். ஆனால் கன்னியாகுமரி படகுத்துறையில் வெளியூர்க்காரர் ஒருவர் டிக்கெட் எங்கே எடுக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டால், எத்தனையோ வருஷம் ஆங்கிலம் படித்த பிள்ளை பதில் சொல்லாமல் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்க்கிறது.

இவர்களுக்கு மொழி வராது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்தில் வீட்டில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி என்று தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறிப் பேசுகிற பிள்ளைகள் எத்தனை பேர்! தூத்தூர் பகுதியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் கொச்சித் துறைமுகத்தில் மலையாளத்தில் விலை பேசுகிறார்கள். இலக்கணம் படித்துவிட்டா பேசினார்கள்? சொல்லியே ஆகவேண்டிய விஷயம் இருந்தது, அதைக் கேட்க எதிரில் ஆள் இருந்தது. நம் வகுப்பில் இந்த இரண்டும்தான் இல்லை. மூன்று வருஷமாகப் பெயர் தெரிந்த பிள்ளையிடம் போய் "வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்கிறோம், அதுவும் நமக்குத் தெரிந்ததையே நமக்குத் திரும்பச் சொல்கிறது. கேட்கிறவருக்குத் தெரியாத ஏதாவது ஒன்று சொல்கிறவரிடம் இருந்தால்தான் அங்கே பேச்சு நடக்கும். கீழே வருகிற படிகள் எல்லாம் இதை வகுப்புக்குள் கொண்டுவருவதற்கான வழிகள்தான்.

படி 1: யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று பாருங்கள்

முதலில் கணக்கு. வகுப்பில் 40 பேர், பாடவேளை 45 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் வாயே திறக்காமல் ஒவ்வொருவராக எழுப்பிப் பேச வைத்தாலும் ஆளுக்கு ஒரு நிமிஷம் சொச்சம்தான் கிடைக்கும். நாம் வாய் திறக்காமல் இருப்பதில்லை என்பது நமக்கே தெரியும். அதே 40 பேரை இரண்டு இரண்டு பேராகப் பேச விட்டால் ஒரே நேரத்தில் 20 பேர் பேசுகிறார்கள், பத்து நிமிஷத்தில் ஆளுக்கு ஐந்து நிமிஷம் வந்துவிடுகிறது. ஜோடிப் பேச்சு ஏன் என்று தலைமையாசிரியர் கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், வேறு விளக்கமே வேண்டாம்.

கடைசி பெஞ்சில் இருக்கிற ஒரு பிள்ளையிடம் கைக்கடிகாரமும் ஒரு தாளும் கொடுங்கள். நிமிஷத்துக்கு ஒரு கோடு. அந்த நேரத்தில் ஆசிரியர் பேசினால் 'ஆ', பிள்ளைகள் பேசினால் 'பி', எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தால் 'எ'. ஒரே ஒரு பாடவேளைக்கு இதைச் செய்தால் போதும், எங்கே நேரத்தைப் பிடுங்கலாம் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

படி 2: பெஞ்சும் சத்தமும்

பெஞ்சை நகர்த்த வேண்டியதில்லை. ஒற்றைப்படை வரிசைப் பிள்ளைகள் திரும்பி உட்கார்ந்தாலே பின்வரிசையோடு நேருக்கு நேர் ஆகிவிடும். ஆணும் பெண்ணுமாக ஜோடி சேர்த்தால் முதல் வாரத்தில் வெட்கத்திலேயே வேலை நின்றுபோகும், அதனால் ஆரம்பத்தில் பையன்களைத் தனியாகவும் பெண்பிள்ளைகளைத் தனியாகவும் ஜோடி போடுங்கள். முதல் மதிப்பெண் எடுக்கிற பிள்ளையையும் வாயே திறக்காத பிள்ளையையும் சேர்த்து உட்கார வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. இது இரண்டு பேருக்குமே ஆகாது, ஒன்று பேசிக்கொண்டே இருக்கும், இன்னொன்று தலையாட்டிக்கொண்டே இருக்கும். ஒரு படி மட்டும் முன்னால் நிற்கிற பிள்ளையோடு சேருங்கள், வாரத்துக்கு ஒருமுறை ஜோடியை மாற்றுங்கள்.

சத்தம் வரும், வரத்தான் வேண்டும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நிறுத்துவதற்கு ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கையைத் தூக்கினால் பார்க்கிற பிள்ளையும் தூக்க வேண்டும், பேச்சை நிறுத்த வேண்டும். கத்தி நிறுத்தப் பார்த்தால் உங்கள் தொண்டைதான் போகும்.

படி 3: திக்கி நிற்கும்போது கைகொடுக்கிற வாக்கியங்கள்

பாதியில் ஒரு வார்த்தை கிடைக்காமல் போனதும் பிள்ளை மௌனமாகிவிடும், அடுத்த நொடி தமிழுக்குத் தாவிவிடும். அந்த இடத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். ஒரு சார்ட்டில் பெரிய எழுத்தில் ஐந்தே வாக்கியம் எழுதிக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்: "வெய்ட், ஐ ஆம் திங்கிங்", "கேன் யூ ஸே தட் அகெய்ன்?", "ஹவ் டு யூ ஸே திஸ் இன் இங்கிலீஷ்?", "டு யூ மீன்...?", "ஐ டோன்ட் நோ த வேர்ட், இட் இஸ் லைக்..." இந்தக் கடைசி வாக்கியம் பொன் மாதிரி. சிரட்டை என்பதற்கு ஆங்கிலம் தெரியாத பிள்ளை "இட் இஸ் லைக் எ கப், ஃப்ரம் கோகனட்" என்று சொல்லிவிட்டால் பேச்சு அறுந்துபோகாது. அதைச் சொன்ன பிள்ளையை அங்கேயே, அப்போதே பாராட்டுங்கள்.

படி 4: ஆளுக்குப் பாதித் தகவல்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று போவோம், முழு வழிகாட்டியிலும் அதிகப் பலன் தருவது இதுதான்.

1979 முதல் 1984 வரை பெங்களூரில் என்.எஸ். பிரபு தலைமையில் ஒரு கற்பித்தல் திட்டம் நடந்தது, சென்னைப் பள்ளிகளிலும் அதன் வகுப்புகள் நடந்தன. இலக்கணத்தை வரிசைப்படி நடத்தாமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் மாதிரி சாமான்களைக் கொடுத்து, அதை வைத்து யோசித்துப் பதில் கண்டுபிடிக்க வைத்தார்கள். ஒரு வேலையைக் கொடுத்து, அதைச் செய்து முடிப்பதன் வழியே மொழியைக் கற்பிப்பதைப் பணிவழிக் கற்பித்தல் என்கிறார்கள். இன்றைக்கு உலகம் முழுக்கப் பேசுகிற அந்த முறைக்கு இந்தத் திட்டம் ஒரு பெரிய முன்னோடி. பெரிய வசதி எதுவும் இல்லாத, நம்மைப் போன்ற தென்னிந்தியப் பள்ளிகளில் நடந்தது என்பதால் நமக்கு அது இன்னும் நெருக்கம். பணிகளைப் பிரபு மூன்றாகப் பிரித்தார். ஒருவரிடம் இருக்கிற தகவலை இன்னொருவருக்குச் சேர்ப்பது முதல் வகை. இருக்கிற தகவலிலிருந்து யோசித்து ஒரு முடிவுக்கு வருவது இரண்டாவது. தன் கருத்தைச் சொல்வது மூன்றாவது. நடுவில் இருக்கிற யோசிக்கிற வகைதான் வகுப்பில் நன்றாக எடுபடுகிறது என்பது அவருடைய முடிவு, என் அனுபவமும் அதுவே.

செய்முறை இப்படி. ஒரு தாளை இரண்டாகக் கிழியுங்கள். முதல் பாதியில் நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குப் போகிற நான்கு பஸ்களின் நேரமும், 'பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை' என்ற வரியும் இருக்கட்டும். மற்றப் பாதியில் தக்கலையிலிருந்து திருவட்டாறு, குலசேகரம் போகிற பஸ் நேரங்கள், மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் திற்பரப்பு அருவியையும் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும் என்ற குறிப்பு, அப்புறம் 'மாமா சென்னையிலிருந்து ஞாயிறு ராத்திரி வருகிறார், செவ்வாய் காலையில் கிளம்புகிறார்' என்ற வரி. பணி ஒன்றுதான்: மாமாவை எங்கெல்லாம் கூட்டிக்கொண்டு போகலாம், எந்த பஸ் பிடிக்க வேண்டும் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். மாமாவுக்குக் கிடைப்பது திங்கட்கிழமை ஒரு நாள், அன்றைக்கு அரண்மனை கிடையாது. இது ஒருவரிடம் மட்டும் இருக்கிற தாளிலிருந்து தெரியாது, இரண்டையும் பேசிச் சேர்த்தால்தான் தெரியும். வடசேரி பஸ் நிலையத்தில் உண்மையான நேரங்களைக் குறித்துவந்து போட்டால் பிள்ளைகளுக்கு இன்னும் பிடிக்கும்.

வகுப்பில் கேட்கிற பேச்சு ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்:

"அங்கிள் கமிங் விச் டே?"
"சண்டே நைட்."
"கோயிங்?"
"டியூஸ்டே மார்னிங்."
"ஸோ மண்டே ஒன்லி. மண்டே பேலஸ்... நோ, நோ! மண்டே பேலஸ் க்ளோஸ்டு!"
"கேன் யூ ஸே தட் அகெய்ன்?"
"பேலஸ் இஸ் க்ளோஸ்டு ஆன் மண்டே. வீ கோ மாத்தூர்."

அந்த "நோ, நோ!" எங்கிருந்து வந்தது என்று கவனியுங்கள். அதை நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் தடவை உடைந்து வந்த வாக்கியம், கூட்டாளிக்குப் புரியவில்லை என்றதும் இரண்டாம் தடவை தானாகவே முழுசாக வந்தது. இலக்கணப் பயிற்சித் தாளில் இது நடக்காது.

ஒரே தொல்லை, தாளை எட்டிப் பார்ப்பது. "சார், இவன் எட்டிப் பாக்கான்" என்று புகார் வந்துகொண்டே இருக்கும். நடுவில் புத்தகப்பையை நிமிர்த்தி வையுங்கள், "மக்களே, தாளைக் காட்டப்பிடாது, வாயாலதான் சொல்லணும்" என்று ஒரு தடவை கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். முடிந்ததும் இரண்டு மூன்று ஜோடிகளை எழுப்பி முடிவை மட்டும் கேளுங்கள். ஒரு ஜோடியின் முடிவும் இன்னொன்றின் முடிவும் வேறாக இருந்தால் விடாதீர்கள், ஏன் என்று கேளுங்கள், அங்கே இன்னொரு நல்ல பேச்சு காத்திருக்கிறது.

பாடத்தை முடிக்க வேண்டுமே என்கிறவர்களுக்கு: பாடப்புத்தகத்தையே இப்படிப் பிரிக்கலாம். கதையின் முதல் பாதியை ஒருவர், இரண்டாம் பாதியை இன்னொருவர் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி ஒருவருக்கொருவர் சொல்லி முழுக்கதையையும் சேர்க்கட்டும். தனி நேரம் தேவையில்லை.

படி 5: ஒரே விஷயம், மூன்று பேரிடம், குறைகிற நேரம்

சரளம் வருவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. 4/3/2 என்பது இதன் பெயர், மொழிக் கற்பித்தல் துறையில் பால் நேஷன் இதை ஆராய்ந்து 1989-இல் எழுதினார். ஒரு விஷயத்தை ஒரு கூட்டாளியிடம் நான்கு நிமிஷம், அதையே இன்னொருவரிடம் மூன்று நிமிஷம், அப்புறம் மூன்றாவது ஆளிடம் இரண்டு நிமிஷம். கேட்கிறவர் ஒவ்வொரு தடவையும் புது ஆள் என்பதால் சொல்வதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. நேரம் குறைவதால் தயங்க இடமில்லை. நம் பிள்ளைகளுக்கு நான்கு நிமிஷம் மலைப்பாக இருக்கும், இரண்டு, ஒன்றரை, ஒன்று என்று ஆரம்பியுங்கள்.

தலைப்பில்தான் பலபேர் கோட்டை விடுகிறார்கள். "மை மதர்", "மை ஸ்கூல்" என்று கொடுத்தால் மனப்பாடக் கட்டுரைதான் வெளியே வரும். பிள்ளைக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்ததைக் கொடுங்கள். மலையோரத்தில் ரப்பர் பால் வெட்டுவது எப்படி, தோவாளையில் பூ கட்டுவது எப்படி, மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டியை எப்படித் திறப்பார்கள், நேந்திரங்காய் சிப்ஸ் போடுவது எப்படி. வகுப்பில் ஆசிரியரைவிடப் பிள்ளைக்கு அதிகம் தெரிந்த இடங்கள் இவை.

குளச்சல் பக்கத்துப் பையன் ஒருவன், கரையில் நின்று இழுக்கிற கரமடி வலையைப் பற்றிச் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் "மெனி பீப்பிள்... ரோப்... டூ சைட்... புல்" என்று கையால் இழுத்துக் காட்டித்தான் சொன்னான். இரண்டாம் சுற்றில் "மெனி பீப்பிள் புல் த ரோப், டூ சைட்ஸ்" என்று வந்தது. மூன்றாவதில் "போட் கோஸ், புட்ஸ் த நெட், கம்ஸ் பேக். தென் பீப்பிள் ஸ்டேண்ட் ஆன் டூ சைட்ஸ் அண்டு புல்" என்று வரிசைக்கிரமமாகச் சொன்னதோடு, கேட்டுக்கொண்டிருந்த தோவாளைப் பையன் "ஹவ் மெனி பீப்பிள்?" என்று கேட்டதற்கு நிறுத்தாமல் பதிலும் சொன்னான். நடுவில் யாரும் திருத்தவில்லை.

தயாராக இரண்டு நிமிஷம் கொடுங்கள். தாளில் ஐந்து வார்த்தைக்கு மேல் எழுதக் கூடாது, முழு வாக்கியம் எழுதவே கூடாது. வாக்கியமாக எழுத விட்டால் வாசிக்கத்தான் செய்வார்கள்.

படி 6: கேள்வி கேட்டபின் காத்திருங்கள்

சின்னப் படிதான். 1970-களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். தாய்மொழியிலேயே இந்த நிலை என்றால் அயல்மொழியில் பிள்ளை வார்த்தை தேட வேண்டும், அடுக்க வேண்டும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். கேள்வியை முதலில் கேளுங்கள், பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற 39 பேரும் நிம்மதியாகிவிடுவார்கள்.

படி 7: தப்பைத் திருத்துவது

பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது குறுக்கே விழுந்து திருத்தாதீர்கள். கையில் ஒரு சிறு நோட்டோடு சுற்றிவந்து காதில் விழுகிற தப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிஷத்தில் அதில் நான்கைந்தை, யார் சொன்னது என்று சொல்லாமல், கரும்பலகையில் எழுதி, "இதை எப்படிச் சரி பண்ணலாம்?" என்று வகுப்பிடமே விடுங்கள். கூடவே நன்றாக வந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதுங்கள், அதைச் சொன்ன பிள்ளைக்குத் தன் வாக்கியம் என்று தெரியும்.

உடனே திருத்தித்தான் ஆகவேண்டிய இடமும் உண்டு. ஒரு குறிப்பிட்ட வாக்கிய அமைப்பைப் பழக்குகிற நேரம் அது. அங்கே எப்படித் திருத்துவது? பிள்ளை "ஹீ கோ டு மார்க்கெட்" என்றால் நாம் வழக்கமாக "யெஸ், ஹீ கோஸ் டு மார்க்கெட்" என்று சரியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளை ஆராய்ந்து லிஸ்டரும் ரான்டாவும் 1997-இல் எழுதியது இங்கே உதவும். ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்தியது இந்த வழியைத்தான், ஆனால் பிள்ளைகள் திருத்தத்தைக் கவனித்துப் பதில் தருவது இதில்தான் மிகக் குறைவாக இருந்தது. ஆசிரியர் தன் பதிலை ஒத்துக்கொண்டார் என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறது. அதைவிட, "ஹீ...?" என்று நிறுத்தி அதன் முகத்தைப் பாருங்கள், அல்லது "பார்டன்?" என்று கேளுங்கள். விடை பிள்ளையின் வாயிலிருந்து வர வேண்டும்.

சிரிக்கிற வகுப்பில் யாரும் பேச மாட்டார்கள். அடுத்தவர் தப்புக்குச் சிரிப்பதை முதல் நாளிலேயே, முதல் சிரிப்பிலேயே நிறுத்துங்கள். நாமே பிள்ளையின் உச்சரிப்பைத் திரும்பச் செய்து காட்டிச் சிரிக்க வைப்பது அதைவிட மோசம், தயவுசெய்து வேண்டாம்.

படி 8: உச்சரிப்பு

வெள்ளைக்காரர் மாதிரி பேச வேண்டியதில்லை, கேட்கிறவருக்குப் புரிந்தால் போதும். அதற்குத் தடையாக இருக்கிற மூன்றை மட்டும் எடுங்கள். வார்த்தைக் கடைசியில் உகரம் சேர்ந்து 'புக்கு', 'பஸ்ஸு' என்று வருவது. 'ஃபேன்', 'பேன்' இரண்டும் ஒன்றாகிவிடுவது. அப்புறம் அழுத்தம் விழுகிற இடம்: 'டெவலப்' என்பதில் நடு அசையில் அழுத்த வேண்டும், நம் பிள்ளைகள் முதல் அசையில் அழுத்துவார்கள். அழுத்தம் வருகிற அசைக்கு மட்டும் மேஜையில் ஒரு தட்டு, எல்லோரும் சேர்ந்து சொல்லட்டும். நீளமான வாக்கியம் வாயில் நுழையவில்லை என்றால் கடைசியிலிருந்து கட்டுங்கள்: "டிக்கெட்", "பை எ டிக்கெட்", "வேர் கேன் ஐ பை எ டிக்கெட்?" தினமும் மூன்று நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

படி 9: தமிழுக்கு இடம் உண்டு

தமிழில் பேசினால் அபராதம், தமிழில் பேசியவர் கழுத்தில் அட்டை என்று செய்கிற வழக்கத்தை நான் முழுமையாக எதிர்க்கிறேன். அதனால் ஆங்கிலம் கூடுவதில்லை, பேச்சுதான் குறைகிறது. பணியை விளக்கத் தமிழ் பேசுங்கள், ஒரு நிமிஷத்தில் முடியும், அதையே ஆங்கிலத்தில் விளக்கினால் பத்து நிமிஷம் போய்விடும். பிள்ளைகள் திட்டம் போடும்போது தமிழிலோ மலையாளத்திலோ பேசிக்கொள்ளட்டும். பணி ஆரம்பித்தபின் ஆங்கிலம் மட்டும் என்ற எல்லையைத் தெளிவாக வையுங்கள்.

படி 10: வெளியே பேச வைப்பது

ஒரு பருவம் இப்படிப் போனபின் வகுப்பிலேயே வழிகாட்டி வேஷம் கொடுங்கள். ஒருவர் வழிகாட்டி, மூன்று பேர் சுற்றுலாப் பயணிகள். விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் 1970-இல் திறந்தது, திருவள்ளுவர் சிலை 133 அடி, அது திறந்தது 2000 ஜனவரி 1, இரண்டையும் இணைக்கிற கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில் திறந்தது. இந்தத் தகவல்கள் வழிகாட்டியிடம் மட்டும் இருக்கட்டும். பயணிகளுக்கு ரகசியமாக ஆளுக்கொரு சீட்டுக் கொடுங்கள்: 'நடுவில் குறுக்கிட்டுக் கேள்வி கேள்', 'எனக்குக் காது சரியாகக் கேட்காது', 'கழிப்பறை எங்கே என்று கேள்'. மனப்பாடம் செய்து வைத்த உரை இந்தச் சீட்டுகளுக்கு முன்னால் நிற்காது, பிள்ளை அந்த இடத்திலேயே யோசித்துப் பேசியாக வேண்டும்.

கன்னியாகுமரிக்கே கூட்டிக்கொண்டு போக முடிந்தால் போங்கள். பெற்றோர் சம்மதம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, நான்கு பேருக்கு ஒரு ஆசிரியர் என்ற கணக்கில். "எக்ஸ்கியூஸ் மி, கேன் வீ டாக் டு யூ ஃபார் டூ மினிட்ஸ்?" என்று அனுமதி கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், வேண்டாம் என்றால் நன்றி சொல்லி நகர வேண்டும் என்பதையும் வகுப்பிலேயே பழக்கிவிடுங்கள்.

படி 11: வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது

ஜூன் மாதம் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு நிமிஷம் பேச வைத்து உங்கள் போனில் பதிவு செய்யுங்கள், வீட்டுக்குத் தெரிவித்துவிட்டு. அக்டோபரில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை. வைத்துப் பார்க்க மூன்று கேள்விதான்: கேட்டவருக்குப் புரிந்ததா, எவ்வளவு நேரம் நிறுத்தாமல் பேசியது, திக்கியபோது தானே மீண்டதா. அந்தப் பிள்ளையின் ஜூன் பதிவோடு மட்டும் ஒப்பிடுங்கள், பக்கத்துப் பிள்ளையோடு வேண்டாம். இரண்டையும் பிள்ளைக்கே போட்டுக் காட்டுங்கள்.

எதைச் செய்தாலும் பேசாத பிள்ளை வகுப்புக்கு இரண்டு மூன்று இருக்கும். எழுப்பி நிறுத்தாதீர்கள். முதலில் அதற்குப் பிடித்த ஒரு கூட்டாளியோடு மட்டும் பேசட்டும். அடுத்து, வகுப்பு முடிந்தபின் வராந்தாவில் தனியாக நின்று போனில் பதிவு செய்யட்டும், நீங்கள் மட்டும் கேட்டுவிட்டு, அது என்ன சொன்னதோ அதைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். ஆடு வளர்ப்பதைப் பற்றிப் பேசியிருந்தால் ஆட்டைப் பற்றிக் கேளுங்கள், இலக்கணத்தைப் பற்றி வேண்டாம். அதற்குப் பதில் வந்தால் அடுத்த வாரம் நான்கு பேர் குழுவில் உட்கார வைக்கலாம்.